கதவுக்கு முதுகு

வேலையில் சேர்ந்த அன்று டீமேக்கர் அமிர்தநாதன் எனக்குத் தொழிற்சாலை முழுவதையும் சுற்றிக் காட்டினார். தேயிலைத் தொழிற்சாலையை நடத்துகிறவருக்கு அதுதான் பதவிப் பெயர். இலை வாடுகிற மாடி, உருட்டுகிற இயந்திரங்கள், உலர்த்துகிற அடுப்பு, பெண்கள் வரிசையாக உட்கார்ந்து தூளில் காம்பு பொறுக்குகிற அறை, தீப்பிடித்தால் மணல் அள்ளிப் போட வைத்திருக்கும் சிவப்பு வாளிகள் என்று ஒன்று விடாமல் காட்டினார். ஒரு பெண் எங்கே ஒதுங்குவாள் என்பதை மட்டும் காட்டவில்லை. நானும் கேட்கவில்லை.

அலுவலகத்தை ஒட்டி ‘ஸ்டாஃப்’ என்று எழுதிய ஒரு கதவு இருந்தது. உள்ளே கண்ணாடியும் சோப்பும் பித்தளைத் தாழ்ப்பாளும் இருந்தன. அந்தக் கதவு திறக்கும்போதெல்லாம் ஓர் ஆண் வேட்டியைச் சரிசெய்துகொண்டு வெளியே வருவார். நானும் ஸ்டாஃப்தான். பி.எஸ்ஸி. வேதியியல் படித்துவிட்டு எலப்புள்ளியிலிருந்து ஏலப்பாறைப் பக்கம் தேயிலைத் தூளின் ஈரப்பதம் அளக்க வந்தவள். அந்தத் தொழிற்சாலையின் முதல் பெண் ஸ்டாஃப். எனக்கு ஒரு தராசு, ஒரு சிறிய அடுப்பு, ஒரு நாற்காலி ஒதுக்கியிருந்தார்கள். அதோடு ஒரு பெண்ணுக்கு வேண்டியதெல்லாம் முடிந்தது என்று நினைத்திருப்பார்கள்.

தொழிலாளிப் பெண்களின் கழிப்பறை விறகுக் கொட்டகைக்குப் பின்னால் இருந்தது. தகரக் கூரை, இரண்டு அறைகள், வெளியே ஒரு குழாய். கதவுகளில் தாழ்ப்பாள் இல்லை. முன்பு இருந்ததாம். யாரோ ஒருத்தி உள்ளே உட்கார்ந்து தூங்கிவிட்டாள் என்று அமிர்தநாதன் இரண்டையும் கழற்றச் சொல்லிவிட்டார். ஸ்டாஃப் கழிப்பறையில் ஹெட் கிளார்க் தினமும் செய்தித்தாளோடு உள்ளே போவார். அங்கே தாழ்ப்பாளை யாரும் தொடவில்லை.

தாழ்ப்பாள் போன பிறகு பெண்கள் ஒரு முறையைக் கைக்கொண்டார்கள். யாரும் உட்கார்ந்து பேசி முடிவு செய்ததல்ல. ஒருத்தி உள்ளே போனால் இன்னொருத்தி கதவில் முதுகைச் சாய்த்து நிற்பாள். நிற்பவள் உரக்கப் பேசிக்கொண்டே இருக்க வேண்டும். உள்ளே எழுகிற சத்தம் அந்தப் பேச்சில் அமுங்கிப் போகும். உள்ளே இருப்பவள் பதில் பேசக் கூடாது. பேசினால் குரல் தெரிந்துவிடும். பேச்சு எதைப் பற்றியும் இருக்கலாம், உள்ளே இருப்பவளைப் பற்றி மட்டும் கூடாது. முடிந்ததும் இரண்டு பேரும் வேறு வேறு பக்கம் போய்விடுவார்கள். யார் போனாள், எத்தனை நேரம் இருந்தாள் என்பதை அதன் பிறகு யாரும் வாயில் எடுப்பதில்லை.

எனக்குக் கதவு பிடிக்க ஆள் இல்லை. தொழிலாளிப் பெண்களிடம் போய்க் கேட்கக் கூச்சமாக இருந்தது. அதனால் காலையிலிருந்து சாயங்காலம் வரை தண்ணீர் குடிக்காமல் இருந்தேன். உதடு வெடித்தது. மலைக் குளிர் என்று எல்லாரிடமும் சொன்னேன்.

ஒரு நாள் என் அறை வாசலில் முத்துப்பேச்சி வந்து நின்றாள். காம்பு பொறுக்குகிறவர்களில் அவள்தான் மூத்தவள். நாற்பதைத் தாண்டியிருப்பாள். கணவனுக்கு நெஞ்சு நோய், தோட்டம் தொழிலாளிகளுக்குக் கொடுத்த லயத்து வீட்டில் படுத்த படுக்கை. ஆண்கள் முன்னால் என்னை ‘அம்மா’ என்பாள். யாரும் இல்லாதபோது ‘பாப்பா.’

“பாப்பா, எனக்குக் கால் மரத்துப் போச்சு. கொட்டகைப் பக்கம் கொஞ்சம் நடந்துட்டு வாரேன்” என்றாள். சொல்லிவிட்டு நின்றாள். எனக்குப் புரியச் சற்று நேரமாயிற்று. எழுந்து பின்னால் போனேன். கதவைச் சாத்தியதும் வெளியே அவள் குரல் எழுந்தது. போடியில் அவள் மச்சினன் வளர்க்கிற ஒரு கிடாவின் கதை. அது யார் யாரை முட்டியது, எந்தக் கல்யாணப் பந்தலைச் சாய்த்தது என்றெல்லாம். நான் உள்ளே வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். அன்றிலிருந்து நானும் தண்ணீர் குடித்தேன்.

எழுபத்தாறாம் வருடம் அது. நாட்டில் அவசரநிலை. அமிர்தநாதனுக்கு அது வாழ்க்கையில் கிடைத்த பதவி உயர்வு மாதிரி இருந்தது. யாரும் கேட்காமலே தொழிற்சாலைச் சுவரில் மஞ்சள் பெயிண்ட் அடித்து, ‘பேச்சைக் குறை, வேலையைக் கூட்டு’ என்று எழுதவைத்தார். எழுதியவன் கூட்டு என்பதற்குப் பெரிய எழுத்து போட்டுவிட்டான், இடம் போதாமல் கடைசி எழுத்து ஜன்னலில் ஏறியது. அதற்கடியில் நின்றுகொண்டு அவர் கைக்கடிகாரத்தைப் பார்ப்பார்.

அவர் கண்டுபிடித்தது இது: பெண்கள் கழிப்பறைக்கு ஜோடி ஜோடியாகப் போகிறார்கள், போய்ப் பேசுகிறார்கள். தாழ்ப்பாளைக் கழற்றியவர் அவர்தான் என்பது அவருக்கு நினைவில்லை. இனி ஒரு நேரத்தில் ஒருவர்தான் போகலாம், மீறினால் சட்டவிரோதக் கூட்டம் என்று அறிவிப்பு ஒட்டினார். நாலு பேர் எதிர்த்தால் பதில் சொல்லியிருப்பார். பெண்கள் எதிர்க்கவில்லை. ஒருத்தி முன்னால் போனாள், இன்னொருத்தி விறகு எடுக்கிற சாக்கில் பின்னால் போனாள். அவ்வளவுதான்.

எனக்கு மாதவிலக்கு வந்த ஒரு நாள். வயிற்றுவலி தாங்க முடியவில்லை. துணியை அலசி மாற்ற வேண்டியிருந்தது. முத்துப்பேச்சி குழாயில் தண்ணீர் பிடித்துப் பிடித்துக் கதவுக்கு அடியில் செம்பைத் தள்ளினாள். கிடா அன்று கோயில் பூசாரியை முட்டியது, போலீஸ்காரனை முட்டியது, பிறகு முட்ட ஆள் கிடைக்காமல் பஸ்ஸையே முட்டியது. காம்பு அறை மேஸ்திரி பெரியமுத்து ஜன்னல் வழியே அவளைப் பார்த்துவிட்டான். அவன் ஓடிப்போய் அமிர்தநாதனைக் கூட்டிவருவதற்குள் நான் கொதிகலன் பக்கமாகச் சுற்றி என் அறைக்குப் போய்விட்டேன். அவர்கள் வந்தபோது முத்துப்பேச்சி மட்டும் குழாயடியில் செம்பைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் விசாரணை. குற்றம், வேலை நேரத்தில் கூட்டம் கூடியது. ஒருத்தி தனியாக எப்படிக் கூட்டமாவாள் என்பது அமிர்தநாதனுக்கே இடித்திருக்க வேண்டும். அவருக்கு இரண்டாவது ஆள் தேவைப்பட்டது.

அலுவலகத்துக்கும் என் அறைக்கும் நடுவில் பலகைச் சுவர்தான். மூச்சு விட்டால்கூடக் கேட்கும். உள்ளே மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். அமிர்தநாதன், எழுதுவதற்கு ஹெட் கிளார்க், தொழிலாளியின் பக்கம் பேசுவதற்கு யூனியன் செயலாளர் பொன்ராஜ். பொன்ராஜ் முன்பு வாசலில் நின்று கோஷம் போட்டால் கீழ் லயம் வரை கேட்குமாம். அவசரநிலைக்குப் பிறகு அவர் தன் செருப்பைத்தான் அதிகம் பார்த்தார். முத்துப்பேச்சி நின்றாள்.

“அரை மணி நேரம் அங்க என்ன செஞ்ச?”

“நின்னேன் சார்.”

“சும்மாவா நின்ன?”

“கதவுல சாஞ்சு நின்னேன்.”

“யாருகிட்டப் பேசின?”

“ஆட்டப் பத்திப் பேசினேன்.”

“எதைப் பத்தின்னு கேக்கல. யாருகிட்டன்னு கேட்டேன்.”

“காத்துகிட்ட.”

காகிதம் புரளும் சத்தம் கேட்டது. அமிர்தநாதன் பெரியமுத்துவின் புகாரைப் படித்தார். “கிடாவுக்குக் கொழுப்பு ஏறிப்போச்சு, எல்லாரையும் முட்ட வருது, கொம்ப ஒடிச்சாத்தான் அடங்கும். இதச் சொன்னியா இல்லையா?”

“சொன்னேன்.”

“யார் அந்தக் கிடா?”

“சார்?”

“நடிக்காத. யார மனசுல வச்சுச் சொன்ன?”

“எங்க மச்சினன் கிடா சார். போடியில கட்டிக் கெடக்கு. வேணும்னா லாரியில ஏத்தி அனுப்பச் சொல்லுதேன், நீங்களே நேர்ல விசாரிங்க.”

ஹெட் கிளார்க் இருமினார். இருமல் கொஞ்சம் நீண்டது.

“திமிரா? உள்ள ஒருத்தி இருந்தா. அவ எதுக்குப் போனா? ஒண்ணுக்கா, ரெண்டுக்கா? ரெண்டுக்கும் அரை மணி நேரம் ஆகாது.”

“நான் உள்ள எட்டிப் பாக்கல சார்.”

“முத்துப்பேச்சி, சார்கிட்ட மரியாதையாப் பேசு” என்றார் பொன்ராஜ். அவள் சார்பாக அவர் பேசியது அது ஒன்றுதான்.

அமிர்தநாதன் குரலைத் தாழ்த்தினார். இரக்கம் காட்டும்போது அவர் குரல் அப்படித்தான் ஆகும். “இங்க பாரு. பேரைச் சொல்லிட்டுப் போயிரு, உன்ன விட்டுருதேன். உள்ள இருந்தவ யாரு, அங்க என்ன திட்டம் போட்டீங்க, அது தெரிஞ்சாப் போதும். சொல்லலைன்னா இன்னைக்கே டிஸ்மிஸ். லயத்து வீட்டையும் ஒழிச்சுக் குடுக்கணும். புருஷன எங்க தூக்கிட்டுப் போவ, யோசி.”

“எனக்கு யாரையும் தெரியாது சார்.”

“தெரியாம எப்படிக் கதவப் பிடிச்ச?”

“கதவுக்கு முதுகக் காட்டித்தான நின்னேன். முதுகுல எனக்குக் கண்ணு இல்ல.”

“எழுதுங்க” என்றார் அமிர்தநாதன்.

நான் தராசின் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். அவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும், வீடு மிஞ்சும். அந்த வார்த்தை என் பெயர். மருதாத்தாள் என்று சொல்லிவிட்டு அவள் போயிருக்கலாம். ஸ்டாஃபை யாரும் டிஸ்மிஸ் செய்யப் போவதில்லை. அது அவளுக்கும் தெரியும்.

கல்லூரியில் நான் கேள்வி கேட்டதே கிடையாது. செய்முறைத் தேர்வில் வாய்மொழிக் கேள்விகளுக்குத் தெரிந்த பதிலையும் சொல்லாமல் மதிப்பெண் இழந்தவள். கால்கள் எப்படி அந்த அறைக்குள் போயின என்று தெரியவில்லை. தட்டு கையிலேயே இருந்தது.

“உள்ள இருந்தது நானுங்க சார்” என்றேன்.

மூன்று பேரும் நிமிர்ந்தார்கள். முத்துப்பேச்சி மட்டும் திரும்பவில்லை.

“என்ன மிஸ்?” என்றார் அமிர்தநாதன்.

“நேத்து அவங்க கதவு பிடிச்சது எனக்குத்தானுங்க.”

அமிர்தநாதன் எழுந்தே விட்டார். “அதெல்லாம் பரவாயில்ல மிஸ். நீங்க போங்க. இது லேபர் விஷயம்.”

நான் போகவில்லை. போக முடியவில்லை என்பதுதான் சரி. 

“அரை மணி நேரம் எதுக்குன்னு கேட்டீங்களே சார்.”

“ஐயோ, வேண்டாம் மிஸ்.”

“அவங்ககிட்டக் கேட்டீங்க. சத்தமாக் கேட்டீங்க. எனக்கு அங்க கேட்டுதுங்க.”

“மிஸ், ப்ளீஸ்...”

“மாசத்துணி அலசிட்டு இருந்தேனுங்க” என்றேன்.

ஹெட் கிளார்க்கின் பேனா நின்றது. பொன்ராஜ் செருப்பிலிருந்து கண்ணை எடுத்துக் கூரையைப் பார்த்தார். அமிர்தநாதன் மேஜையில் இருந்த மைப்புட்டியை இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் நகர்த்தி வைத்தார். பிறகு அங்கிருந்து இந்தப் பக்கம். ஒரு தொழிலாளிப் பெண்ணிடம் ஒண்ணுக்கா ரெண்டுக்கா என்று கேட்ட மூன்று ஆண்கள். படித்த பெண்ணின் வாயிலிருந்து ஒரு துணியின் பெயர் வந்ததும் அவர்களுக்கு உட்கார நாற்காலி கொள்ளவில்லை. வெட்கம்கூட அவர்களிடம் சம்பளம் பார்த்துத்தான் வந்தது. அதுவரை எனக்கு அவர்களைக் கண்டால் பயம். அந்த நிமிடம் பயம் போய், அருவருப்பு வந்தது.

“அதையும் எழுதிக்குங்க சார்” என்று கிளார்க்கிடம் சொன்னேன். “ரெண்டாவது ஆள் யாருன்னு கேட்டாங்களே.”

அவர் எழுதவில்லை. எழுதிய தாளை நாலாக மடித்தார்.

“சரி சரி. முத்துப்பேச்சி, வேலைக்குப் போ” என்றார் அமிர்தநாதன். “இனிமே பாத்து நடந்துக்க.”

“எதைப் பாத்து சார்?” என்றாள் அவள். பதிலுக்கு நிற்காமல் வெளியே போய்விட்டாள்.

சாயங்காலம் லயத்துக்குப் போகிற வழியில் அவளைப் பிடித்தேன். நன்றி சொல்வாள் என்று நான் எதிர்பார்க்கவில்லை என்று சொன்னால் பொய். அவள் நடையை நிறுத்தவில்லை.

“ஏன் பாப்பா சொன்ன?”

“உங்க வேலை போயிருக்குமே.”

“போகட்டும். நான் உனக்காகவா வாய மூடிட்டு நின்னேன்? நீ யாரு எனக்கு? மாமன் மகளா?” மூச்சு வாங்கிக்கொண்டாள். “உள்ள இருந்தவ பேரு வெளிய வரக் கூடாது. அம்புட்டுதான். இன்னைக்கு நீ வந்து சொல்லிட்ட. ஸ்டாஃபு, உன்ன விட்டுட்டான். நாளைக்குச் சின்னப் புள்ள ஒருத்திக்குக் கதவப் பிடிப்பேன். ‘அந்த மிஸ்ஸே சொல்லிட்டாங்க, உனக்கென்ன’ம்பான். அவளும் வந்து நின்னு சொல்லணும். அவள ‘சரி போ’ம்பானா? இன்னும் நாலு கேப்பான்.”

நான் கூடவே நடந்தேன்.

“ஆனா அவன் மொகம் போன போக்கு இருக்கே” என்றாள் முத்துப்பேச்சி. “விளக்கெண்ணெய் குடிச்ச கணக்கா.” சிரிக்காமலே சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடந்தாள்.

ஸ்டாஃபுக்கு ஒரு நியாயம், மற்றவர்களுக்கு ஒரு நியாயம் என்று அவள் சொன்னது அந்த வாரமே நடந்தது. அமிர்தநாதன் என் மேஜையில் ஒரு கவரை வைத்தார். உள்ளே சாவி. இரண்டு அறைகளில் ஒன்றுக்குப் பூட்டுப் போட்டு, ‘லேடி ஸ்டாஃப்’ என்று எழுதிவிட்டாராம். “உங்க கஷ்டம் எனக்குத் தெரியாமப் போச்சு மிஸ்” என்றார். அவர் முகத்தில் அவ்வளவு தாராளம். காம்பு அறையில் இருந்த அத்தனை பேருக்கும் மீதி ஓர் அறை.

“ரெண்டு கதவுக்கும் உள்பக்கம் தாழ்ப்பாள் போட்டாப் போதுங்க சார்.”

“அவளுகளுக்கா? உள்ள போய்த் தூங்குவாளுக. உங்களுக்குத் தெரியாது மிஸ்.”

“ஒரு தடவை தூங்கினதுக்கா?”

“டிசிப்ளின்” என்றார்.

அடுத்த இரண்டு நாள் குழாயடியில் பெண்கள் பூட்டிய கதவைப் பார்த்துக்கொண்டு வரிசையில் நின்றார்கள். என்னைக் கண்டதும் பேச்சை நிறுத்தினார்கள். அமிர்தநாதன் செய்ய நினைத்ததை என் பெயரை வைத்தே செய்துவிட்டார். நான் மறுபடி தண்ணீர் குடிப்பதை விட்டேன்.

சனிக்கிழமை ஏலப்பாறைக் கடைத்தெருவுக்குப் போய் இரும்புக் கடையில் இரண்டு தாழ்ப்பாள் கேட்டேன். எந்தக் கதவுக்கு என்று கடைக்காரர் கேட்டார். வழக்கமாக நான் ‘சும்மா’ என்று சொல்லியிருப்பேன். “கக்கூஸுக்கு” என்றேன். நனைந்த மரத்துக்கு எந்த ஆணி நிற்கும் என்று சொல்லி, திருகாணியாகவே எடுத்துக் கொடுத்தார். இரும்பு விற்கிற மனிதருக்கு அதில் ஒன்றும் வெட்கமில்லை.

ஞாயிற்றுக்கிழமை தொழிற்சாலை மூடியிருந்தது. முத்துப்பேச்சியின் வீட்டு வாசலில் போய் நின்றேன். கையில் இருந்ததைக் காட்டினேன். அவள் பார்த்தாள். உள்ளே போய் ஒரு பழைய கத்தியோடு வந்தாள். நான் வாழ்க்கையில் அதுவரை ஒரு திருகாணி முடுக்கியதில்லை. முதலில் போட்டது கோணலாகப் போயிற்று. “படிச்ச புள்ள கையாக்கும்” என்று அவள் கத்தியை வாங்கிக்கொண்டாள். அவள் போட்டதும் கோணல்தான். ஆனால் இரண்டு தாழ்ப்பாளும் சரியாக விழுந்தன. எனக்கென்று போட்ட பூட்டைக் கழற்றி, சாவியோடு அதே கவரில் வைத்து, திங்கட்கிழமை காலை அமிர்தநாதன் மேஜையில் வைத்தேன்.

அவர் கவரைப் பிரித்துப் பார்த்தார். விறகுக் கொட்டகைப் பக்கம் பெரியமுத்துவை அனுப்பினார். அவன் வந்து காதில் சொன்னதும் தச்சர் இன்னாசிராஜைக் கூப்பிட்டு, இரண்டு தாழ்ப்பாளையும் உடனே கழற்றச் சொன்னார். எனக்குக் கேட்க வேண்டும் என்றே சத்தமாகச் சொன்னார். இன்னாசிராஜின் பெண்சாதி காம்பு அறையில்தான் வேலை செய்கிறாள்.

இன்னாசிராஜ் திருப்புளியோடு போனான். என் ஜன்னலிலிருந்து தெரிந்தது. இரண்டு கதவும் உள்ளே தாழிட்டிருந்தன. அவன் மரியாதையாகத் தள்ளிப் போய், விறகுக் கட்டையில் உட்கார்ந்தான். ஒருத்தி வெளியே வந்தாள். அவன் எழுந்தான். அதற்குள் இன்னொருத்தி உள்ளே போய்த் தாழிட்டாள். அவன் உட்கார்ந்தான். மற்ற கதவு திறந்தது, மூடியது. யாரும் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. காம்பு அறையிலிருந்து ஒருத்திக்குப் பின் ஒருத்தியாக, விதிப்படி தனித்தனியாகத்தான் போனார்கள். யாருக்கும் யாரும் கதவு பிடிக்கவில்லை. பேச்சும் இல்லை. சுவரில் எழுதியிருந்தபடியே எல்லாம் நடந்தது.

அமிர்தநாதன் பொறுக்க முடியாமல் முற்றம் வரை வந்தார். “என்னடா உக்காந்திருக்க?”

“உள்ள ஆள் இருக்கு சார்.”

“யாரு?”

இன்னாசிராஜ் அவரைப் பார்த்தான். “அத எப்படி சார் கேக்க?”

அமிர்தநாதன் கதவை நோக்கி இரண்டு அடி வைத்தார். குழாயடியில் நின்ற முத்துப்பேச்சியும் மற்றப் பெண்களும் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. அவரையே பார்த்தார்கள். உள்ளே செம்பு உருளும் சத்தம், தண்ணீர் ஊற்றும் சத்தம், பிறகு எந்த மறைப்பும் இல்லாமல் வேறு சத்தம். அவர் காதுவரை சிவந்து நின்றார். பிறகு கடிகாரத்தைப் பார்த்தார். ஏதோ வேலை நினைவு வந்தவர்போல அலுவலகத்துக்குள் போய்விட்டார்.

மறுநாளும் இன்னாசிராஜ் போய் உட்கார்ந்தான். அதற்கு மறுநாளும். வேலை முடிகிற சங்கு ஊதியதும் திருப்புளியைப் பைக்குள் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவான். சங்குக்குப் பிறகு வேலை செய்வது அவன் வழக்கமில்லை. பிறகு தோட்டத்து மேனேஜர் துரையின் பங்களாவில் நாய்க்கு ஒரு கூண்டு வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்கள். அவனை அங்கே மாற்றிவிட்டார்கள். நாய் நனையாமல் இருக்க வேண்டும் என்பது அவசரமான வேலை என்று அமிர்தநாதன் எல்லாருக்கும் விளக்கினார்.